பூனைக்கு முத்துப் போட்ட கோடை

பூனை வாந்தி எடுக்கப் போகிறது என்பதை எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடிப்பது நான்தான். காது மந்தம், கண்ணில் புரை, முட்டியில் வலி என்று உங்களுக்கு இருப்பதெல்லாம் எனக்கும் இருக்கிறது. ஆனால் அந்தச் சத்தம் மட்டும் எந்த அறையில் இருந்தாலும் எனக்குக் கேட்டுவிடும். முதலில் உதட்டை நக்கும். பிறகு முன்கால்களை ஊன்றி, முதுகைக் கூனி, அடிவயிற்றை எக்கி எக்கி, கிணற்றுச் சுவரில் காலி வாளி இடிக்கிற மாதிரி ஒரு சத்தம் போடும். அதற்குள் நான் பழைய பேப்பரைத் தூக்கிக்கொண்டு போய் நின்றிருப்பேன். "மாடிப்படி ஏறச் சொன்னா ஆயிரம் சாக்குச் சொல்ற. இதுக்கு மட்டும் எப்படிம்மா இந்த ஓட்டம் ஓடுற?" என்பாள் என் மகள்.

அவளிடம் நான் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். அறுபதைத் தாண்டியவர்களுக்குத்தான் இது விளங்கும். உடம்பெல்லாம் அம்மை போட்டு, வேப்பிலைப் படுக்கையில் கிடந்து, பெற்ற தாயே தன்னைக் கையெடுத்துக் கும்பிட்டு 'ஆத்தா' என்று கூப்பிட்டதைக் கேட்டவர்கள் நம் செட்டோடு சரி. இப்போது பிள்ளைகளுக்கு ஊசி போட்டுவிடுகிறார்கள். நல்ல காரியம். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மதுரையில் ஆற்றுக்குத் தெற்கே, ஆறு குடித்தனம் இருந்த ஒரு காம்பவுண்டு வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். ஒரு அறை, ஒரு அடுப்படி. அதற்குள் அப்பா, அம்மா, அத்தை, நான், தம்பி. அப்பா உசிலம்பட்டி பஸ்ஸில் கண்டக்டர். அத்தை அவருக்கு அக்கா. கணவர் போன பிறகு எங்களோடு வந்து இருந்தாள். பஸ்ஸில் விசில் ஊதி நூறு பேரை நிறுத்துகிற மனிதர், வீட்டில் அத்தை இருமினாலே எழுந்து நின்றுவிடுவார். அம்மாவின் நிலைமையைக் கேட்கவே வேண்டாம். உப்புப் போடுவதற்கும் "மதினி, போடவா?" என்று கேட்டுவிட்டுத்தான் போடுவாள்.

பூனை அப்பா கொண்டுவந்தது. சந்தை நாளில் யாரோ பஸ்ஸில் மறந்துவிட்டுப் போன கூடைக்குள் குட்டியாகக் கிடந்ததாம். டிக்கெட் பையில் போட்டு எடுத்துவந்தார். அந்தத் தோல் பை இப்போது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வியர்வையும் செம்புக் காசும் டீசலும் கலந்து அதில் ஒரு வாசம் வரும். குட்டியும் நாலைந்து நாள் அதே வாசம் அடித்துக்கொண்டிருந்தது. சாம்பல் நிறத்தில் கறுப்பு வரி, பெண் பூனை. ஞாயிற்றுக்கிழமை கண்மாய் மீன் வாங்கினால் தலையெல்லாம் அதற்குத்தான். மற்ற நாளில் பல்லி, கரப்பான், பக்கத்து வீட்டுக் கருவாடு என்று அதுவே பார்த்துக்கொள்ளும்.

எனக்கு அதோடு ஒரே ஒரு வேலை உண்டு. வீட்டில் மூன்று பல் உடைந்த ஒரு மரப் பேன் சீப்பு கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பூனையை மடியில் போட்டு அந்தச் சீப்பால் சீவிவிடுவேன். கை கொள்ளாத அளவு முடி வரும். அதை உருட்டிப் பந்தாக்கித் தம்பியிடம் கொடுப்பேன். அவன் அதைச் சுவரில் எறிந்து விளையாடுவான். பூனை கண்ணை மூடிக்கொண்டு குர்குர் என்று சத்தம் போடும். இதை நான் அழகுக்காகச் செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் உயிர் கொஞ்சம் அந்தச் சீப்பிலும் இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

பங்குனி மாதம் அது. இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் காலையில் அத்தை என் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். பார்த்தவள் சட்டென்று கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டாள்.

"முத்துப் போட்டுருக்குடா தம்பி. ஆத்தா வந்துட்டா."

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வாசலில் வேப்பிலைக் கொத்து. அடுப்பில் தாளிப்புக் கிடையாது. மீன், கறி பேச்சே கிடையாது. சோப்புக் கூடாது. யாரும் தலை சீவக் கூடாது. சீப்பைத் தொடவே கூடாது. அம்மா எல்லாச் சீப்பையும் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டாள். பேன் சீப்பும் அதோடு போயிற்று. தம்பியை உசிலம்பட்டியில் அம்மாச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா வேலைக்குப் போய் வந்து வெளி முற்றத்தில் படுத்துக்கொள்வார். அறைக்குள் நான், அம்மா, அத்தை. கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஒன்பது வயதுப் பிள்ளையைப் பங்குனி வெயிலில் ஒரு ஓட்டு வீட்டுக்குள் போட்டு அடைத்தால் எப்படி இருக்கும்? உடம்பு முழுக்க அரிக்கும், சொறியக் கூடாது. அம்மா வேப்பிலைக் கொத்தால் தடவிவிடுவாள். அது சுகமாகவும் இருக்கும், இன்னும் சொறியச் சொல்லவும் செய்யும். கூரையில் ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. அதன் வழியாக விழுகிற வெயில் காலையில் சுவரில் இருக்கும், மதியம் என் கால்மாட்டுக்கு வரும், சாயங்காலம் அரிசிப் பானைமேல் ஏறி மறையும். அதைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். வெளியே குழாயடியில் குடம் இடிபடுகிற சத்தம் கேட்கும். பிள்ளைகள் பாண்டி ஆடுவார்கள். எங்கள் வாசலுக்கு நேராக வரும்போது மட்டும் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள். எனக்கு அழுகை வரும். அழுதால் அத்தை பதறிப்போய், "ஆத்தா மனசு நோகுறா, என்ன கொறை வச்சோம்?" என்று அம்மாவைத் திட்டுவாள். அதனால் அழவும் முடியாது.

ஒன்று மட்டும் உண்டு. நான் கேட்டது வரும். இளநீர் என்றால் இளநீர். பதநீர் என்றால் அப்பா எங்கேயோ அலைந்து பதநீர். என்றைக்கும் என் பேச்சைக் காதில் வாங்காதவர்கள் வாய் பொத்தி நின்று கேட்டார்கள். நான் கேட்ட முதல் வரம், பூனை என் பக்கத்தில் படுக்க வேண்டும் என்பது. அத்தைக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஆத்தா கேட்டால் மறுக்க முடியுமா?

பூனையும் எங்களோடு விரதம் இருந்தது. மீன் தலை நின்றுபோயிற்று. வேளைக்கு ஒரு தட்டுப் பாலும் தயிர்ச்சோறும்தான். பசியில் ஒரே மூச்சில் குடித்துவிட்டு உடனே கக்கும். கதவு சாத்தியிருந்தது, ஜன்னல் கம்பியும் நெருக்கம், வெளியே போய் எதையும் பிடித்துத் தின்னவும் வழியில்லை. கோடைக்கு முடி கொட்டுகிற காலம் வேறு. சீவிவிட ஆளில்லாமல் நாளெல்லாம் தன்னைத் தானே நக்கிக்கொண்டிருந்தது.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, என் படுக்கைக்குப் பக்கத்திலேயே அந்த வாளிச் சத்தம் கேட்டது. பாலும் நுரையுமாகக் கக்கி, கடைசியில் விரல் நீளத்துக்கு ஒன்று வந்து விழுந்தது. சாம்பல் நிறத்தில், விளக்குத் திரி மாதிரி முறுக்கிக்கொண்டு. அத்தை குனிந்து பார்த்தாள்.

"மயிரு! வாந்தியில மயிரு வருதுடா! எவளோ செய்வினை வச்சுட்டாடா நம்ம வீட்டுக்கு!"

அப்பா வாசலில் வந்து நின்றார்.

"சாக்கை எடு தம்பி. ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோயி விட்டுட்டு வா. ஆத்தா இருக்குற எடத்துல இந்த அசிங்கம் ஆகாது."

"பாவம்க்கா, வெயில்ல..." என்று அப்பா இழுத்தார்.

"எடுடாங்குறேன்!"

அப்பா சாக்கை எடுத்துவிட்டார். சாக்குக்குள் போகிற பூனை திரும்பி வராது என்பது எங்கள் காம்பவுண்டில் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். நான் எழுந்து உட்கார்ந்தேன். என் வாயிலிருந்து வந்தது எனக்கே ஆச்சரியம்.

"எடுக்காதடா."

அப்பா கையிலிருந்த சாக்கு கீழே விழுந்தது. அத்தை என் பக்கம் திரும்பினாள். தொடங்கியாயிற்று, இனி முடித்துத்தான் ஆக வேண்டும்.

"அதுக்கும் நான்தான்டி எறங்கியிருக்கேன்."

அத்தையைப் போய் 'டி' என்றேன்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. காய்ச்சலா, பயமா, சந்தோஷமா என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. அத்தை பொத்தென்று முழங்காலில் விழுந்து, "தெரியாமப் பேசிட்டேன் தாயி" என்று தரையில் தலையை வைத்தாள். அம்மாவும் விழுந்தாள். பூனை ஒரு ஓரமாகப் போய்த் தன் முதுகை நக்கிக்கொண்டிருந்தது.

சந்தேகம் இல்லாமல் பார்த்துவிட வேண்டும் என்று அத்தை அதைப் பிடித்து மல்லாக்கப் போட்டு வயிற்று முடியை விலக்கினாள். விலக்கியவள் அப்பாவைக் கூப்பிட்டாள்.

"பாருடா தம்பி, முத்து! ரெண்டு வரிசையா எப்படிப் போட்டுருக்கு பாரு!"

அது முத்து இல்லை. பெண் பூனைக்கு வயிற்றில் இரண்டு வரிசையாக என்ன இருக்குமோ அதுதான். வாழ்நாளில் பூனையைத் தொட்டுப் பார்க்காத அத்தைக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது, என் பொய் மெய்யாகிவிட்டதே என்று கதிகலங்கிப் போனேன். அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். குட்டியாகக் கொண்டுவந்த அன்றே வயிற்றைத் திருப்பிப் பார்த்து, பெட்டை என்று சொன்னவர் அவர்தான். குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார். இந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாமேல் கோபம் வரும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் சாக்கு திரும்ப வந்திருக்கும் என்று பயந்தாரோ என்னவோ.

அன்றிலிருந்து பூனைக்கும் ஆத்தா மரியாதை. ஆத்தா வந்த உடம்பு தெருவில் அலையக் கூடாது என்று அம்மாவின் பழைய மஞ்சள் சேலையைக் கிழித்து, ஒரு முனையை அதன் கழுத்திலும் மறு முனையை ஜன்னல் கம்பியிலும் கட்டினார்கள். கீழே வேப்பிலை பரப்பினார்கள். எனக்கு அரைக்கிற வேப்பிலையும் மஞ்சளும் இப்போது இரண்டு உருண்டையாயிற்று. காலையிலும் சாயங்காலமும் அம்மா எனக்குத் தடவிவிட்டு, மிச்சத்தைப் பூனைக்குத் தலையிலிருந்து வால் வரை அப்பிவிடுவாள்.

பூனை உடம்பில் எதையாவது தடவினால் அது சும்மா இருக்குமா? நக்கும். காய்ந்து விரைத்துப்போன முடியைப் பொறுமையாக, ஓரம் விடாமல் நக்கும். கொஞ்ச நேரத்தில் உதட்டை நக்கிக்கொள்ளும், முதுகைக் கூனும், வாளி இடிக்கும். முதலில் பச்சையும் மஞ்சளுமாக வந்தது. பிறகு வெறும் நுரை. அதைப் பார்த்து அத்தை என்ன சொன்னாள் தெரியுமா?

"ஆத்தா உக்கிரமா இருக்கா. இன்னும் குளுமை பத்தல. மூணு வேளையாத் தடவு."

நான் படுத்த இடத்திலிருந்து இரண்டு முழத் தூரத்தில்தான் இதெல்லாம் நடந்தது. எனக்கு வேறு வேலையும் இல்லை, பார்க்க வேறு எதுவும் இல்லை. தடவுகிறார்கள், நக்குகிறது, கக்குகிறது. மூன்று முறை பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

எதிர்வீட்டு அக்காவுக்கும் புரிந்தது. அவர்கள் வீட்டுக்குள் சௌராஷ்டிர பாஷை. எங்களோடு பேசும்போது எங்களைவிட நல்ல மதுரைத் தமிழ். அம்மை வீடு என்று உள்ளே வராமல் ஜன்னலுக்கு வெளியே தள்ளி நின்று அத்தையிடம் சொன்னாள்.

"அக்கா, அது நக்குதுல்ல. நக்கி நக்கித்தான் கக்குது. அவுத்து விடுங்க, வெளிய போயி எதையாச்சும் தின்னு சரியாப் போயிரும். இல்லாட்டி எங்கிட்டக் குடுங்க, நான் வச்சுக்கிறேன்."

"என்னடி பேசுற? ஆத்தாவ அவுத்து உங்கிட்டக் குடுக்கவா?" என்று அத்தை ஜன்னலைச் சாத்தினாள். இருந்த ஒரு ஜன்னலும் போயிற்று. அதற்குப் பிறகு அறைக்குள் வேப்பிலை வாசம், மஞ்சள் வாசம், வாந்தி வாசம், கண்ணாடி ஓட்டு வெயில், இவ்வளவுதான்.

நான் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அத்தை அடிக்கடி ஒரு கதை சொல்வாள். சோழவந்தான் பக்கம் ஒருத்தி ஆத்தா வந்ததாகப் பொய்யாடினாளாம். மூன்றாம் நாள் கண்ணிரண்டும் அவிந்துபோயிற்றாம். நான் காலையில் எழுந்ததும் முதலில் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் கண்ணாடி ஓட்டைப் பார்ப்பேன். பிறகு அந்தக் கண்ணை மூடி இந்தக் கண்ணால் பார்ப்பேன். தெரிந்தால் இன்றைக்குத் தப்பித்தேன் என்று அர்த்தம். பொய் என்று சொன்னால் ஆத்தாவுக்குத் தெரிந்துபோய்க் கண் போகும். சொல்லாவிட்டால் பூனை போகும். ஒன்பது வயதில் இதற்குமேல் ஒரு பிள்ளைக்கு என்ன கஷ்டம் வர வேண்டும்?

இரண்டு நாள் கண்ணைக் காப்பாற்றிக்கொண்டேன். அதை மறைக்கப் போவதில்லை. மூன்றாம் நாள் பூனை பாலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது. அத்தை குழாயடிக்குப் போன நேரம் பார்த்து அம்மாவின் சேலையைப் பிடித்தேன். அவள் கையில் அரைத்த கிண்ணம் இருந்தது.

"அம்மா, நான் பொய் சொன்னேம்மா. அதுக்கு ஒண்ணும் எறங்கல. சாக்குல கட்டுவாகன்னு சொன்னேன். தடவாதம்மா, செத்துப்போகும்."

அம்மா கை நின்றது. என்னைப் பார்த்தாள். பூனையைப் பார்த்தாள். திரும்ப என்னைப் பார்த்தாள். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் நெருப்பாக அடித்தது. முத்து கண்ணிமைவரை ஏறியிருந்தது. எனக்கு முன்னால் பிறந்த பெண் குழந்தையை இரண்டு வயதில் இதே அம்மைக்குக் கொடுத்தவள் அம்மா. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சோதிக்காத தாயி. சும்மா படு."

பிறகு கிண்ணத்தை எடுத்துப் பூனையின் பக்கம் உட்கார்ந்தாள்.

அம்மாவிடம் பிள்ளையாகச் சொல்லிப் பயனில்லை என்று, சாயங்காலம் அத்தையிடம் ஆத்தாவாகச் சொல்லிப் பார்த்தேன். "அவுத்து விடுடி அந்தப் பூனைய. நான் அதை விட்டு எறங்கிட்டேன்" என்றேன். குரல் சரியாக வரவில்லை, பாதியில் அழுதுவிட்டேன். அத்தை என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள்:

"இது ஆத்தா இல்ல, பிள்ளை பேசுது. பூனை மேல உள்ள பாசம். தலைக்குத் தண்ணி ஊத்தாம ஆத்தா போவாளா?"

பொய் சொன்னபோது நான் ஆத்தா. உண்மை சொன்னபோது நான் பிள்ளை. அந்த அறையில் சாத்தியிருந்த கதவையும் ஜன்னலையும்விட எனக்கு மூச்சு முட்டியது இதில்தான்.

இந்தக் காலத்துப் பூனை டாக்டரைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். மகள் வீட்டில் இருப்பது நீள முடி வைத்த பாரசீகப் பூனை. வந்த புதிதில் வாரத்துக்கு இரண்டு முறை கக்கும். டாக்டர் ஒரு சின்னப் பொண்ணு, என் பேத்தி வயது இருக்கும். வக்கீல் மாதிரிக் கேள்வி கேட்டாள். அவசர அவசரமாகத் தின்கிறதா? சாப்பாட்டைத் திடீரென்று மாற்றினீர்களா? பால் கொடுக்கிறீர்களா? வாந்தியில் முடி இருக்கிறதா? நூல், ரப்பர் ஏதாவது விழுங்கியிருக்குமா? உடம்பில் எண்ணெய், தைலம், நாட்டு மருந்து எதையாவது தடவினீர்களா? இந்தக் கடைசிக் கேள்வியில் நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். "இல்லவே இல்ல டாக்டர்" என்று மகள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தினமும் சீவிவிட்டால் பாதி வாந்தி நின்றுவிடுமாம், வயிற்றுக்குள் போகிற முடி குறைந்துவிடும். வளர்ந்த பூனைகள் பலதுக்குப் பாலே ஆகாதாம். நாம் காலம் காலமாகப் பூனை என்றால் பால் என்று ஊற்றிக்கொண்டிருக்கிறோம். ஒரே வேளையாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை, அகலத் தட்டில் பரப்பி வைக்க வேண்டும். புதுச் சாப்பாடு என்றால் பழையதோடு கலந்து ஒரு வாரத்தில் மெல்ல மாற்ற வேண்டும். பூக் கட்டின நூலைக் கீழே போடக் கூடாது. தின்றால் குடலில் போய் மாட்டிக்கொள்ளும். திரும்பத் திரும்பக் கக்கினாலோ, ரத்தம் வந்தாலோ, ஒரு நாள் முழுக்க ஒன்றும் தின்னாவிட்டாலோ, கைவைத்தியம் பார்க்காமல் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். பூனை பட்டினி கிடந்தால் ஈரலே கெட்டுப்போகுமாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து இந்த வீட்டில் சீப்பு என் கையில்தான் இருக்கிறது. நீங்களும் பேரன் பேத்திக்காகப் பூனை வளர்ப்பவர்கள் என்றால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தண்ணீர் ஊற்றுகிற நாள் வந்தது. அண்டாவில் வேப்பிலை போட்டு முற்றத்து வெயிலில் வைத்த தண்ணீர். எத்தனையோ நாளுக்குப் பிறகு கதவைத் திறந்தார்கள். வெளிச்சத்தில் எனக்குக் கண் கூசியது. கண் இருக்கிறது என்று அப்போதும் ஒரு நிம்மதி. முந்தின நாளே காய்ச்சல் இறங்கிவிட்டது. முத்தெல்லாம் வாடிப் பொருக்குத் தட்டியிருந்தது. என் தலையில் அம்மா தண்ணீரை ஊற்ற, காம்பவுண்டுப் பெண்கள் தள்ளி நின்று குலவை இட்டார்கள்.

அடுத்து பூனை. அப்பா தூக்கிக்கொண்டு வந்தார். துணி மாதிரித் தொங்கியது. அதன் தலையிலும் ஒரு சொம்பு ஊற்றினார்கள். மஞ்சள் கரைந்து ஓட, அடியில் எலும்பும் தோலுமாக இவ்வளவூண்டு ஒரு உருவம் தெரிந்தது. எதிர்வீட்டு அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கழுத்துத் துணியை அவிழ்த்துத் தரையில் விட்டார்கள். இரண்டு எட்டு நடந்து, அண்டாவின் நிழலில் போய்ப் படுத்தது. முதுகைக் கூனப் பார்த்தது, முடியவில்லை. நான் ஈரத்தோடு ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையை ஒரு தரம் நக்கியது. நாக்கு காய்ந்துபோய்ச் சொரசொரவென்று இருந்தது. அப்புறம் அவ்வளவுதான்.

"பிள்ளைக்கு வந்ததை வாங்கிட்டுப் போயிருச்சு!" என்றாள் அத்தை. "என் கண்ணு முன்னால வாங்கிட்டுப் போயிருச்சுடா தம்பி!"

பெண்கள் மறுபடியும் குலவை இட்டார்கள். அம்மா ஓவென்று அழுதாள். அதே மஞ்சள் துணியில் சுற்றி, காம்பவுண்டு வேப்ப மரத்தடியில் அப்பா குழி வெட்டினார். ஊதுபத்தி, தேங்காய், கற்பூரம். ஒரு கொலையை இத்தனை மரியாதையோடு செய்து நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. நான் அழவே இல்லை. அழுதால் யாராவது ஏன் என்று கேட்பார்களோ என்று பயம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பங்குனிக்கும் அம்மா அம்மன் கோயிலுக்குப் பால் குடம் எடுத்தாள். "என் பிள்ளைக்கு உயிர் குடுத்த மகராசி" என்று பூனையைப் பற்றிப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். ஒரு வருடம் கோயில் வாசலில் தகட்டு உரு விற்பவனிடம் பூனை உரு கேட்டாள். கண், கை, கால், பாம்பு, தேள், மாடு எல்லாம் வைத்திருந்தான், பூனை மட்டும் இல்லை. "மாட்டைக் குடு. ஆத்தாளுக்குத் தெரியும் நான் எதை நெனச்சுப் போடுறேன்னு" என்று வாங்கி உண்டியலில் போட்டாள். என் கல்யாணத்தில் இந்தக் கதையைச் சொன்னாள். என் பிரசவத்தில் சொன்னாள். எத்தனை வாட்டி, 'அம்மா, உனக்குப் புரியவில்லை, அதைக் கொன்றதே நாம்தான்' என்று வாய் வரை வந்திருக்கும்! எழுத்து வாசனை இல்லாத மனுஷி, நம்பிக்கையோடு இருக்கிறாள், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விழுங்கிவிடுவேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கடைசி ஒரு வருடம் அம்மா எங்களோடு இருந்தாள். நினைவு முன்னும் பின்னுமாகப் போய்விட்டது. என்னை ஒரு நேரம் அக்கா என்பாள், ஒரு நேரம் மதினி என்பாள். ஒரு நாள் மத்தியானம், மகள் வேலைக்குப் போயிருந்தாள், அம்மா கட்டிலுக்குக் கீழே அந்தச் சத்தம் கேட்டது. நான் பேப்பரோடு ஓடினேன். முடிதான், விரல் நீளத்துக்கு ஒரு சுருள். ஊரிலிருந்து விருந்தாள் வந்த கலாட்டாவில் நாலு நாள் சீவாமல் விட்டது என் தப்பு. பூனை ஒன்றும் நடக்காதது போல எழுந்து போய்விட்டது. நான் முட்டி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், அம்மா எழுந்து உட்கார்ந்து என்னைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா," என்றாள். "மன்னிச்சுரு தாயி. அது நக்கி நக்கித்தான் சாகுதுன்னு எனக்குத் தெரியும். பிள்ளை எங்கிட்டச் சொன்னுச்சு, நான் பொய் சொன்னேம்மான்னு. கேக்காத மாதிரி இருந்துட்டேன். மூத்தவள எடுத்துக்கிட்ட. சின்னவளுக்கும் கண்ணு வரைக்கும் ஏறிருச்சு. நான் என்ன செய்வேன்? எதையாச்சும் குடுத்தாத்தான போவ? பூனைய எடுத்துக்கன்னு அரைச்சு அரைச்சு நான்தான் தடவினேன். வாயில்லா ஜீவன். என்னையவே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

கையில் நாற்றமடிக்கிற பேப்பரோடு நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஐம்பது வருடத்துக்கு மேலாக அவள் எடுத்த பால் குடமெல்லாம் நன்றிக்கு என்று நினைத்தேனே, அத்தனையும் மன்னிப்புக்கு. இரண்டு பேரும் ஒரே பூனையைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம். 'அம்மா, உன் தப்பு இல்லை, தொடங்கி வைத்தது நான்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவள் காத்திருந்தது மகளின் பதிலுக்கு இல்லை. மகளாக நான் சொன்னால் அது அவளுக்குப் போய்ச் சேராது என்பது எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும்.

"போதும்டி," என்றேன். குரல் இந்த முறை சரியாக வந்தது. "உன் பிள்ளைய நான் விட்டுட்டேன். உன் மேல எனக்குக் கோவம் இல்ல. படு."

அம்மா இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனாள். அதற்குப் பிறகு சாகும்வரை அவள் பூனையைப் பற்றிப் பேசவே இல்லை. நான் சொல்ல வேண்டியது மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அதைத்தான் உங்களிடம் சொன்னேன்.